ஒரு பேரெண் கற்றுத்தரும் பாடம்



"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் முன்னோர் வாக்கு. அடுப்பங்கரைக்கு இது முற்றிலும் பொருந்தும். பானையில் உள்ள அரிசியெல்லாம் ஒரே நீரில், ஒரே நெருப்பில், ஒரே நேரம் வெந்தவை. ஆகவே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். ஆனால் எண்களின் உலகில் இந்தப் பழமொழி செல்லுமா? ஐந்து பருக்கைகளை எடுத்துப் பார்த்து, ஐந்தும் நன்றாக வெந்திருக்கக் கண்டு, பானை முழுவதும் வெந்துவிட்டது என்று நம்பினார் ஒரு பேரறிஞர். ஆறாவது பருக்கை அரிசியாகவே இருந்தது. அந்த ஆறாவது பருக்கையைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம். நேயர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது.

அந்த எண் இதுதான்: 4,294,967,297. தமிழ் முறையில் சொன்னால் நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. மில்லியன், பில்லியன் என்று எண்ணிப் பழகியவர்கள் நான்கு பில்லியனுக்குச் சற்று மேல் என்று கொள்ளலாம்.

இந்த எண் எப்படிப் பிறந்தது என்று முதலில் காண்போம். 2 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அதை அதனாலேயே பெருக்கினால் 4. நான்கை நான்கால் பெருக்கினால் 16. பதினாறைப் பதினாறால் பெருக்கினால் 256. இப்படியே மேலும் இரண்டு முறை பெருக்கினால் 65,536, பிறகு 4,294,967,296. ஆக 2, 4, 16, 256, 65,536, 4,294,967,296 என்று ஆறு எண்கள் கிடைத்தன. இப்போது ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டுவோம். 3, 5, 17, 257, 65,537, 4,294,967,297. இவைதாம் பெர்மா எண்கள் எனப்படும் வரிசையின் முதல் ஆறு எண்கள். நம் பேரெண் அவற்றுள் ஆறாவது.

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். 2, 3, 5, 7, 11 ஆகியவை பகா எண்கள். 6 பகா எண் அன்று. அது இரண்டாலும் மூன்றாலும் வகுபடும். அத்தகைய எண்ணைப் பகு எண் என்பர். வீட்டுக்குச் செங்கல் எப்படியோ, அப்படியே முழு எண்களுக்குப் பகா எண்கள். எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாகப் பிரித்துவிடலாம்.

மேலே சொன்ன வரிசையில் 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். 257 வரையில் நாமே மனக்கணக்காகச் சரிபார்த்துவிடலாம். 65,537ஐச் சரிபார்க்கச் சற்றுப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்தவர் பியர் டி பெர்மா. கணிதம் அவருக்குத் தொழில் அன்று. ஓய்வு நேரத்து ஈடுபாடு. எனினும் அக்காலத்துக் கணித மேதைகளின் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் அவர். 1640ஆம் ஆண்டில், பிரெனிக்கிள் என்ற கணித அன்பருக்கு எழுதிய கடிதத்தில், இந்த வரிசையில் வரும் எண்கள் அனைத்தும் பகா எண்களே என்று தாம் நம்புவதாகப் பெர்மா தெரிவித்தார். அதற்கு முறையான நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மையை நாம் மறந்துவிடக்கூடாது. ஆனால் சொன்னவர் பெர்மா ஆயிற்றே! அவர் நம்பிக்கை ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அசைக்கப்படாமல் நின்றது.

1729ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கோல்ட்பாக் என்ற அறிஞர், ருஷ்ய நாட்டின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்த ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் பின்குறிப்பில், "பெர்மாவின் இந்தக் கருத்தைத் தாங்கள் அறிவீர்களா?" என்னும் பொருள்பட ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஆய்லர் அப்போது 22 வயது இளைஞர். முதலில் அவர் அதில் அவ்வளவாக அக்கறை காட்டவில்லை. பின்னர் ஆராயத் தொடங்கினார். 1732ஆம் ஆண்டில் விடையைச் சொன்னார்: ஆறாவது எண் பகா எண் அன்று. அது 641ஆல் மீதியின்றி வகுபடும்!

4,294,967,297 = 641 × 6,700,417.

நேயர்கள் இதை இப்போதே பெருக்கிப் பார்க்கலாம். 6,700,417ஐ 600ஆல் பெருக்கினால் 4,020,250,200. அதே எண்ணை 41ஆல் பெருக்கினால் 274,717,097. இரண்டையும் கூட்டினால் நம் பேரெண் வந்துவிடும். 641, 6,700,417 ஆகிய இரண்டும் பகா எண்களே.

641 அப்படியொன்றும் பெரிய எண் அன்று. பகா எண்களை 2, 3, 5, 7 என்று வரிசையாக எழுதினால் 641 நூற்றுப் பதினாறாவது இடத்தில் வரும். ஆக, வேறு எந்தத் தந்திரமும் தெரியாத ஒருவர், பகா எண்களால் பேரெண்ணை ஒன்றன்பின் ஒன்றாக வகுத்துக்கொண்டே போயிருந்தால், நூற்றுப் பதினாறாவது வகுத்தலில் உண்மை வெளிப்பட்டிருக்கும். சில நாள் உழைப்புதான். ஆனால் அது பகா எண்ணாகவே இருந்திருந்தால், அதை உறுதிசெய்ய 65,536 வரையுள்ள 6,542 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பெரிய வேலையை நினைத்தால் யாருக்கும் மலைப்பு வரும்.

ஆய்லரோ இந்த வேலையை வெகுவாகச் சுருக்கிவிட்டார். பேரெண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது 64ஆல் வகுபட வேண்டும் என்பது அவர் பின்பற்றிய வழி. அது ஏன் என்று ஒரு சிறிய எடுத்துக்காட்டின் வழி புரிந்துகொள்வோம்.

17 என்ற பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். 1இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போவோம். 17ஐத் தாண்டும்போதெல்லாம் 17ஐக் கழித்துவிடுவோம். கடிகாரத்தில் பன்னிரண்டைத் தாண்டியதும் மீண்டும் ஒன்று வருகிறதல்லவா, அதுபோல. 1, 2, 4, 8, 16, 15, 13, 9, மீண்டும் 1. எட்டாம் அடியில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். இந்த வட்டத்தின் நீளம் 8. பதினேழில் ஒன்று குறைந்தால் 16. அது எட்டால் மீதியின்றி வகுபடுகிறது. இது தற்செயல் அன்று. இரண்டைத் தவிர எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், இப்படிச் சுற்றும் வட்டத்தின் நீளம், அப்பகா எண்ணில் ஒன்று குறைந்த எண்ணை மீதியின்றி வகுக்கும். இந்த உண்மையை வெளியிட்டவர் யார் தெரியுமா? அதே 1640ஆம் ஆண்டில், பெர்மாவேதான்!

இனி நம் பேரெண்ணுக்கு வருவோம். அது, இரண்டை முப்பத்திரண்டு முறை போட்டுப் பெருக்கி, ஒன்றைக் கூட்டியது. ஏதேனும் ஒரு பகா எண் அதை மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பகா எண்ணின் வட்டத்தில் 32ஆம் அடியில் நாம் நிற்கும் இடம், அந்த எண்ணுக்கு ஒன்று குறைந்த இடம். பதினேழின் வட்டத்தில் நான்காம் அடியில் 16 வந்ததே, அதைப் போன்றது இது. அங்கே மேலும் நான்கு அடிகள் வைத்ததும் 1 வந்தது. இங்கே மேலும் 32 அடிகள் வைத்தால் 1 வரும். அதாவது 64 அடிகளில் புறப்பட்ட இடம் வந்துவிடுகிறது. அதற்கு முன்பே வந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். வந்திருந்தால் வட்டத்தின் நீளம் 1, 2, 4, 8, 16, 32 ஆகியவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும். எதுவாயினும் 32ஆம் அடியில் நாம் ஒன்றில் நின்றிருப்போம். ஆனால் அங்கே நாம் ஒன்றில் நிற்கவில்லை. எனவே வட்டத்தின் நீளம் சரியாக 64. ஆகவே அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைந்தால் 64ஆல் வகுபட்டே தீரும்.

இப்போது தேடல் எவ்வளவு எளிதாகிவிட்டது பாருங்கள். அறுபத்துநான்கின் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டினால் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று எண்கள் வருகின்றன. இவற்றுள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்து மட்டுமே பகா எண்கள். பேரெண்ணை 193ஆல் வகுத்தால் மீதி 109. 257ஆல் வகுத்தால் மீதி 2. 449ஆல் வகுத்தால் மீதி 325. 577ஆல் வகுத்தால் மீதி 288. ஐந்தாவதாக 641ஆல் வகுத்தால் மீதி இல்லை. நூற்றுப் பதினாறு வகுத்தல்கள் ஐந்தாகக் குறைந்துவிட்டன.

வகுக்காமலே இதைக் காட்டவும் ஓர் அழகிய வழி உண்டு. 641 என்பது 625உம் 16உம் சேர்ந்தது. அதே 641, 640உம் 1உம் சேர்ந்தது. இந்த இரண்டு உண்மைகளே போதும். பேரெண்ணில் ஒன்று குறைந்தால் 4,294,967,296. அது பதினாறை 268,435,456ஆல் பெருக்கி வருவது. பதினாறு என்பது 641இல் 625 குறைந்தது. ஆகவே 641 மடங்கிலிருந்து 625 மடங்கைக் கழித்தால் நமக்கு வேண்டியது கிடைக்கும். 625 என்பது ஐந்தை நான்கு முறை போட்டுப் பெருக்கியது. 268,435,456 என்பது 128ஐ நான்கு முறை போட்டுப் பெருக்கியது. ஐந்தும் 128உம் சேர்ந்து பெருகினால் 640. எனவே கழிக்க வேண்டிய 625 மடங்கு, 640ஐ நான்கு முறை போட்டுப் பெருக்கியதற்குச் சமம். ஒன்றையும் சேர்த்துப் பார்த்தால், நம் பேரெண் என்பது 641இன் ஒரு மடங்கிலிருந்து, 640இன் நான்காம் அடுக்கில் ஒன்று குறைந்ததைக் கழித்து வருவதாகும். 640இன் நான்காம் அடுக்கில் ஒன்று குறைந்தால் அது 641, 639, 409,601 ஆகிய மூன்றின் பெருக்கம். அதுவும் 641இன் மடங்கே. மடங்கிலிருந்து மடங்கைக் கழித்தால் மடங்குதானே மிஞ்சும்!

இந்தப் பேரெண்ணின் அண்டை வீட்டு எண்ணும் சுவையானதே. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானிய மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்து வைக்கும் கதையை நாம் கேட்டிருப்போம். பலகையின் முதல் பாதியில், அதாவது 32 கட்டங்களில், சேரும் மணிகள் 4,294,967,295. நம் பேரெண்ணுக்கு இரண்டே குறைவு. இந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் 3 × 5 × 17 × 257 × 65,537 என்று வருகிறது. வரிசையின் முதல் ஐந்து பெர்மா எண்களும் அப்படியே உள்ளே அமர்ந்திருக்கின்றன! ஆகவே முதல் ஐந்தையும் பெருக்கி இரண்டைக் கூட்டினால் ஆறாவது கிடைக்கிறது. முதல் ஐந்தில் எதனால் ஆறாவதை வகுத்தாலும் மீதி 2 வரும். சற்று முன் 257ஆல் வகுத்தபோது 2 மிஞ்சியதை நேயர்கள் கவனித்திருக்கலாம்.

இதனால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். 1796ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கணித மேதை காஸ், தம் பதினெட்டாம் வயதில், அளவுகோலும் கவராயமும் மட்டுமே கொண்டு பதினேழு சமபக்க உருவத்தை வரைய முடியும் என்று காட்டினார். பண்டைக் கிரேக்கர் காலத்திலிருந்து யாரும் அறியாதிருந்த உண்மை அது. ஒற்றை எண்ணிக்கையில் பக்கங்கள் கொண்ட எந்தெந்தச் சமபக்க உருவங்களை இப்படி வரையலாம் என்பதற்கும் விடை கிடைத்தது. அந்த எண்ணிக்கை, பகா எண்ணாக உள்ள பெர்மா எண்ணாகவோ, அத்தகைய வெவ்வேறு எண்களின் பெருக்கமாகவோ இருக்க வேண்டும். வேறு எதற்கும் முடியாது என்பதை 1837இல் வான்ட்செல் நிறுவினார். நமக்குத் தெரிந்த ஐந்து எண்களைக் கொண்டு 31 உருவங்கள் கிடைக்கின்றன. அவற்றுள் மிகப் பெரியதன் பக்கங்கள் 4,294,967,295. நம் பேரெண் பகா எண்ணாக இருந்திருந்தால் இந்தப் பட்டியல் இரு மடங்கைத் தாண்டியிருக்கும்.

இன்னொரு பயன் அன்றாட வாழ்க்கையைச் சார்ந்தது. 641ஐயும் 6,700,417ஐயும் பெருக்க நமக்குச் சில நிமிடங்களே ஆயின. ஆனால் பெருக்கி வந்த எண்ணைக் கொடுத்து, "இதைப் பிரித்துக் காட்டு" என்றால் எவ்வளவு பாடு! பல நூறு இலக்க எண்களில் இந்தப் பாடு கணினிகளாலும் தாங்க முடியாததாகிவிடுகிறது. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் இதையே அடிப்படையாக வைத்து இரகசியச் செய்திகளைப் பூட்டும் முறையொன்றை வகுத்தனர். இணையத்தின் வழி நாம் அனுப்பும் செய்திகளைக் காக்க இம்முறை பயன்பட்டு வருகிறது. அந்தப் பூட்டில் பெரும்பாலும் இடம்பெறும் ஓர் எண் 65,537. நம் வரிசையின் ஐந்தாவது எண்ணேதான்.

ஆய்லருக்குப் பிறகு வரிசையின் அடுத்த எண்கள் என்ன ஆயின? ஏழாவது எண் இருபது இலக்கங்கள் கொண்டது. 1880இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் அது 274,177ஆல் வகுபடும் என்று கண்டார். 39 இலக்கங்கள் கொண்ட எட்டாவது எண் பகு எண்ணே என்று 1905இல் நிறுவப்பட்டது. ஆனால் அதை வகுப்பது எது என்பது 1970இல்தான் மாரிசன், பிரில்ஹார்ட் ஆகிய இருவரால், கணினியின் துணையோடு கண்டறியப்பட்டது. வகுக்கும் எண் எது என்று தெரியாமலே வகுபடும் என்று உறுதியாகச் சொல்ல முடிவது கணிதத்தின் வியப்புகளில் ஒன்று. இருபத்தோராம் எண்ணும் இருபத்தைந்தாம் எண்ணும் இன்றளவும் அந்நிலையிலேயே உள்ளன. ஆறாவது முதல் முப்பத்து மூன்றாவது வரை உள்ள 28 எண்களும் பகு எண்களே என்பது உறுதி. ஏறத்தாழ 258 கோடி இலக்கங்கள் கொண்ட முப்பத்து நான்காவது எண்ணின் நிலை முடிவாகவில்லை.

இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். முதல் ஐந்தும் பகா எண்கள் என்று கண்டதும், எல்லாமே பகா எண்கள் என்று நம்பினார் பெர்மா. அடுத்த இருபத்தெட்டும் பகு எண்கள் என்று கண்டுவிட்டோம். ஆகவே இனி வருவன எல்லாம் பகு எண்களே என்று நாம் சொல்லிவிடலாமா? சொன்னால் பெர்மா சறுக்கிய அதே இடத்தில், எதிர்ப்புறத்திலிருந்து நாமும் சறுக்குகிறோம் என்றுதான் பொருள். பல அறிஞர்கள் அப்படித்தான் இருக்கும் என்று கருதுகிறார்கள். ஆனால் கருதுவது வேறு, நிறுவுவது வேறு. நிறுவல் இன்னும் கிடைக்கவில்லை.

மாணவச் செல்வங்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சில கணக்குகளில் ஓர் ஒழுங்கைக் கண்டால் மகிழுங்கள். அதை எழுதி வையுங்கள். பெரிய கண்டுபிடிப்புகள் அப்படித்தான் தொடங்குகின்றன. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். "எப்போதும் இப்படித்தானா? ஏன்?" என்று கேளுங்கள். சொன்னவர் எவ்வளவு பெரியவராயினும், அவர்பால் உள்ள மதிப்புக் குறையாமலே, பென்சிலை எடுத்து வகுத்துப் பாருங்கள். பெர்மாவின் நம்பிக்கை தவறிற்று. ஆனால் அந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க உதவிய கருவியும் பெர்மா தந்ததே. ஆய்லர் அவரைச் சிறுமைப்படுத்தவில்லை; அவர் விட்ட இடத்திலிருந்து ஓர் அடி முன்னே வைத்தார்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம். எண்களின் பானையிலோ அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல, அது ஏன் வேகிறது என்ற காரணமே தெரிய வேண்டும். இன்று இரவு உணவுக்குப் பின் 641ஐயும் 6,700,417ஐயும் ஒருமுறை உங்கள் கையாலேயே பெருக்கிப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். நாங்கள் சொன்னதைக்கூட அப்படியே நம்பிவிட வேண்டாம்.